காயில் சுற்றுவது கணக்கு, பஞ்சு போடுவது கைப்பக்குவம்

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். புதிதாக ஒரு ஆர்டிஏ, அதாவது சூடேற்றும் கம்பிச் சுருளையும் (காயில்) திரவத்தை உறிஞ்சும் பஞ்சையும் நாமே போட்டுக்கொள்ளும் வேப் (மின்சிகரெட்) டேங்க் வாங்கி, 26 கேஜ் கான்தல் கம்பியில் 3 மி.மீ. கோலின் மேல் ஆறு சுற்றுச் சுற்றியிருக்கிறீர்கள். 0.5 ஓம் வரும் என்று நினைத்தால் 0.8க்கு மேல் காட்டுகிறது, அதுவும் நிலையாக நிற்பதில்லை. நாலு இழுப்புக்குள் தொண்டையில் கருகல் அடிக்கிறது. பஞ்சைக் குறைத்தால் காற்றுத் துளை வழியாக ஒழுகுகிறது. கம்பியை மாற்றலாமா, இல்லை கிளாப்டன் என்ற வேறு வகைக் காயிலுக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

கம்பியின் மேல் பழி போடாதீர்கள். புதிதாக வருபவர்கள் காயிலின் அழகுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பஞ்சை இரண்டு நிமிடத்தில் திணித்து மூடிவிடுகிறார்கள். கருகலும் ஒழுகலும் பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிறக்கின்றன. கம்பி விஷயத்தில் கணக்கு கைகொடுக்கும். பஞ்சுக்குக் கணக்கு கிடையாது. விரல்தான் பழக வேண்டும்.

முதலில் அந்த 0.8. அது சரியான எண்தான். 26 கேஜ் கம்பியின் விட்டம் 0.4 மி.மீ. கான்தல் ஏ1 என்றால் மீட்டருக்குச் சுமார் 11.3 ஓம் மின்தடை. ஒரு சுற்றின் நீளம் தெரிய, காயிலின் உள்விட்டத்தோடு கம்பியின் விட்டத்தையும் கூட்டி 3.14ஆல் பெருக்க வேண்டும். 3.4 பெருக்கல் 3.14, அதாவது 10.7 மி.மீ. ஆறு சுற்றுக்கு 64, இரண்டு கால்களுக்கும் (காயிலிலிருந்து நீளும் இரு நுனிகள்) சேர்த்து இன்னொரு 10. மொத்தம் 74 மி.மீ. கம்பி, 0.84 ஓம். கால்களை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதால்தான் பலருக்கு எண் உதைக்கிறது.

இதே அளவில் நிக்ரோம் 80 சுற்றினால் 0.63 ஓம் அளவில் வரும், எஸ்எஸ் 316எல் (துருப்பிடிக்காத எஃகு) என்றால் 0.43. கான்தலிலேயே 0.5 வேண்டுமென்றால் இன்னும் தடித்த 24 கேஜ் எடுத்து இதே ஆறு சுற்றுப் போடுங்கள், 0.54இல் வந்து நிற்கும். ஆனால் 0.5 எதற்கு என்று ஒரு தரம் யோசியுங்கள். வாட்டைத் தானே கட்டுப்படுத்தும் சிப் உள்ள மாடில் (டேங்கை மாட்டும் பேட்டரிக் கருவி) ஓம் எண் ருசியைத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு கம்பிப் பரப்பில் எவ்வளவு வாட் விழுகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. தடித்த கம்பிக்குப் பரப்பு அதிகம், சூடேற நேரமும் அதிகம். உங்கள் 26 கேஜ் ஒற்றைக் காயிலுக்கு 20 வாட்டில் தொடங்கி ஒவ்வொரு வாட்டாக ஏற்றிப் பாருங்கள். 30க்கு மேல் போக வேண்டிய தேவை வராது.

தோலில் நிக்கல் பட்டால் அரிக்கும் என்பவர்கள் கான்தலோடு நின்றுவிடுவது நல்லது. அது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. நிக்ரோம் 80இல் ஐந்தில் நாலு பங்கு நிக்கல், 316எல்லிலும் பத்து சதவீதத்துக்கு மேல் உண்டு.

எண் ஏன் ஆடுகிறது? பத்துக்கு எட்டு முறை ஸ்க்ரூ சரியாகப் பிடிக்காததுதான் காரணம். கால் போஸ்டின் (கம்பியைப் பிடிக்கும் தூண்) துளைக்குள் முழுதாகப் போயிருக்கிறதா, ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே நசுங்காமல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் கம்பியைப் பிடிக்கும் அளவுக்கு இருந்தால் போதும். 28 கேஜ் மாதிரி மெல்லிய கம்பியை ஸ்க்ரூ முனை கத்தி மாதிரி அறுத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்த சந்தேகம் டேங்கின் அடியில், மாடில் திருகும் 510 இணைப்பு. அதன் மரையில் திரவம் காய்ந்து படிந்திருந்தால் துணியால் துடையுங்கள். கடைசியாக, காலின் நுனி. மிச்சக் கம்பியைப் போஸ்டோடு ஒட்ட வெட்டாமல் அரை மில்லிமீட்டர் நீட்டிவிட்டிருந்தால் அது மூடியில் உரசும். உரசினால் ஷார்ட். ஸ்க்ரூவை இறுக்கியதும் கட்டிங் பிளையரின் தட்டைப் பக்கத்தைப் போஸ்டோடு ஒட்டி வைத்து வெட்டுங்கள்.

சுற்றியதும் நேராகப் பஞ்சு போடாதீர்கள். கம்பியைக் கொஞ்சம் பழக்க வேண்டும். டேங்கின் கண்ணாடியையும் மூடியையும் கழற்றி வைத்துவிட்டு, 10, 12 வாட்டில் ஒரு நொடி அழுத்தி விடுங்கள். நடுச் சுற்று முதலில் மங்கலாகச் சிவந்து, அந்தச் சிவப்பு இரண்டு பக்கமும் சமமாகப் பரவினால் காயில் தயார். பெரும்பாலும் முதல் முறை அப்படி நடக்காது. ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் ஆரஞ்சாக எரியும், மற்றவை கறுப்பாகவே இருக்கும். அதைத்தான் ஹாட் ஸ்பாட் என்கிறோம். விரலை பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, செராமிக் முனை ட்வீசரால் காயிலை ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்ல வருடிக் கொடுங்கள், சுற்றுகளை லேசாகச் சேர்த்து அழுத்துங்கள். மறுபடி ஒரு நொடி. நாலைந்து முறையில் அடங்கிவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. புதுக் கம்பியில் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மின்சாரம் குறுக்கே தாவிப் போய்விடுகிறது. சூடுபட்டதும் கான்தலின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகும். அது மின்சாரத்தைக் கடத்தாது. படலம் எல்லாச் சுற்றிலும் வந்ததும் மின்சாரம் கம்பியின் முழு நீளத்திலும் ஓடியாக வேண்டும், சூடு சமமாகிவிடும். பழக்கும்போது ஓம் எண் சற்று ஏறி ஓரிடத்தில் நிலைப்பதும் இதனால்தான். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் காயிலின் வயதைச் சொல்லும்.

நிக்கல் 200, டைட்டானியம் கம்பிகளுக்கு இந்த வேலை ஆகாது. அவற்றைச் சிவக்க விடவே கூடாது. டைட்டானியம் அந்தச் சூட்டில் வெள்ளைத் தூளாக ஆக்சைடு உதிர்க்கும். அவை வெப்பக் கட்டுப்பாட்டு மோடுக்கு மட்டுமே உரியவை. அந்த மோடு வேண்டுமென்றால் எஸ்எஸ் 316எல் போதும், தொல்லை குறைவு. சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடும், அந்த ஏற்றத்தை வைத்து மாட் வெப்பத்தைக் கணக்கிடும். ஆகவே மாட் முதல் ஓம் எண்ணைப் பதிவு செய்யும்போது காயில் ஆறிப்போய் இருக்க வேண்டும். இழுத்த கையோடு டேங்கைக் கழற்றி மாட்டினால் அடிப்படை எண்ணே தப்பாகி, மாட் காட்டும் வெப்பமும் தப்பாகும். எஸ்எஸ்ஸில் சுற்றுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி விட்டுச் சுற்றுங்கள், சேர்த்துச் சுற்றினால் எண் தள்ளாடும்.

பேட்டரி பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் காயில் சுற்றுபவர் கையில்தான் பேட்டரியின் சுமை இருக்கிறது. முழுக்க சார்ஜ் ஏறிய 18650 பேட்டரி 4.2 வோல்ட். சிப் இல்லாத மெக்கானிக்கல் மாடில் 0.54 ஓம் காயில் 7.8 ஆம்பியர் இழுக்கும். அதே காயில் இரண்டை ஜோடியாக மாட்டினால் 0.27 ஓம், 15.6 ஆம்பியர். 0.15 ஓமுக்கு 28 ஆம்பியர். சாம்சங் 25ஆர் மாதிரி நல்ல பேட்டரியே தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்கும் என்றுதான் மதிப்பிடப்பட்டிருக்கிறது. உறையில் 40 ஆம்பியர் என்று அச்சடித்த பேட்டரிகள் நிறைய உலவுகின்றன, அந்த எண்ணை நம்பிக் காயில் சுற்றாதீர்கள். சிப் உள்ள மாடில் கணக்கு வேறு. அங்கே ஓமை விட்டுவிட்டு வாட்டைப் பாருங்கள். ஒற்றைப் பேட்டரி மாடில் 75 வாட் வைத்தால், சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட்டில் இருக்கும்போது 23 ஆம்பியருக்கு மேல் போகும், சிப்பில் வீணாவது தனி.

2018இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் 2019 ஜனவரியில் டெக்சஸிலும் வேப் கருவி வெடித்து இடத்துக்கு ஓர் உயிர் போயிருக்கிறது. ஆகவே நான் இதில் கறாராகத்தான் சொல்வேன். முதல் ஒரு வருடம் மெக்கானிக்கல் மாட் பக்கமே போகாதீர்கள். உறை கிழிந்த பேட்டரிக்குப் புது உறை போடாமல் பயன்படுத்தாதீர்கள். சாவியும் சில்லறையும் கிடக்கும் பாக்கெட்டில் பேட்டரியைப் போடாதீர்கள்.

இனி பஞ்சு.

காயில் என்ன செய்கிறது என்று யோசித்தால் பஞ்சு ஏன் முக்கியம் என்பது விளங்கும். வேப் திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290இல். திரவம் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது சூட்டை வாங்கிக்கொண்டு கம்பியை அடக்கி வைக்கும். திரவம் தீர்ந்த நொடியில் கம்பியின் சூடு எகிறும், பஞ்சு கருகத் தொடங்கும், மிஞ்சிய கிளிசரினும் சிதையும். எண்ணெய் வற்றினால் விளக்குத் திரியே எரிவது போலத்தான். எரிச்சலான ருசி என்பதோடு இது முடிவதில்லை. 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வுக் கடிதம் வந்தது. 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடு வெளிவிடும் பொருள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் கணிசமாக இருந்தது என்றார்கள். அந்த 5 வோல்ட்டில் எந்த மனிதனும் இரண்டாவது இழுப்பு இழுக்க மாட்டான், அவ்வளவு கருகல் இருக்கும் என்று எதிர்வாதமும் வந்தது. இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. கருகல் அடித்தால் நிறுத்திவிட வேண்டும். பொறுத்துக்கொண்டு இழுக்காதீர்கள்.

எந்தப் பஞ்சு? பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் உண்டு, அதை நீக்கினால்தான் திரவத்தை உறிஞ்சும். ஆகவே உறிஞ்சும் தன்மை கொண்ட சுத்தமான நூறு சதவீதப் பருத்தி வேண்டும். வேப்புக்கென்றே விற்கும் பஞ்சு நீளவாக்கில் சீவப்பட்டிருப்பதால் வேலை சுலபம். ஒப்பனைக்கு விற்கும் சில பஞ்சுருண்டைகள் பாலியஸ்டர் கலந்தவை. அவை சூட்டில் உருகும், அவற்றைத் தொடவே வேண்டாம்.

அளவுக்கு வருவோம். காயிலின் உள்விட்டத்தைவிடச் சற்றுப் பருமனான ஒரு கற்றையைப் பிரியுங்கள். நுனியை மட்டும் திருகி ஊசி போல ஆக்கி, காயிலுக்குள் நுழைத்து மெல்ல இழுங்கள். உரசல் தெரிய வேண்டும், காயில் லேசாக அசைய வேண்டும், ஆனால் வளைந்துகொண்டு கூடவே வரக்கூடாது. காயிலைப் பிடித்துக்கொள்ளாமல் இழுக்க முடியவில்லை என்றால் பஞ்சு அதிகம், கொஞ்சம் உருவிவிடுங்கள். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. உள்ளே எங்கோ பஞ்சு தொடாத கம்பி இருக்கும், அந்த இடம் காய்ந்து எரியும். இறுக்கினாலும் கருகும், தளர்த்தினாலும் கருகும். உங்களுக்கு நேர்வது முதல் வகை என்று நினைக்கிறேன். "பஞ்சைக் குறைத்தால் ஒழுகுகிறது" என்று எழுதியிருப்பதால் ஊகிக்கிறேன். அப்படியானால் நீங்கள் குறைத்தது தப்பான இடத்தில்.

ஆர்டிஏவில் பஞ்சுக்கு இரண்டு பாகம், இரண்டுக்கும் இரண்டு விதி. காயிலுக்குள் இருக்கும் பாகம் நிறைவாக இருக்க வேண்டும். கீழே திரவத் துளையில் போய் உட்காரும் வால் மெல்லிசாக இருக்க வேண்டும். இழுத்து முடித்ததும் இரண்டு பக்கமும் பஞ்சைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, டெக்கின் (காயில் உட்காரும் அடித்தட்டு) வெளி விளிம்புக்கு நேராக வெட்டுங்கள். பிறகு வாலை ஊசி முனையால் சீவுங்கள். தலை வாருவது மாதிரி, சிக்கெடுப்பது மாதிரி. ஊசியோடு உதிரி இழைகள் வரும், அவற்றை எறிந்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு போனாலும் கவலையில்லை. மிஞ்சிய வாலைத் துளையின் வாயை மூடும்படி படுக்க வையுங்கள். திணிக்கக் கூடாது. துளையின் அடிமட்டம் வரை போக வேண்டும் என்பதும் இல்லை. வாயை இடைவெளியில்லாமல் போர்த்தியிருந்தால் போதும்.

இப்போது ஒரு சொட்டுத் திரவத்தை வாலின் மேல் விட்டுப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நிறத்துக்கு மாறும். அந்த நிறமாற்றம் காயில் வரை ஊர்ந்து போக வேண்டும். பாதி வழியில் நின்று, காயிலின் வாயருகே வெள்ளையாகவே ஒரு வளையம் தெரிந்தால் அங்கேதான் பஞ்சு நெரிபட்டிருக்கிறது. டேங்கை மூடிய பிறகு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, தொண்டைதான் சொல்லும். பஞ்சு முழுவதையும் நனைத்துவிட்டு, 10 வாட்டில் மூன்று நாலு முறை அழுத்தி, இன்னும் சில சொட்டு விட்டு, பிறகு மூடுங்கள்.

ஒழுகுவதன் கதை இதோடு ஒட்டியது. டேங்குக்குள் திரவத்தின் மேலிருக்கும் காற்று லேசான வெற்றிட நிலையில் இருப்பதால்தான் திரவம் கீழே கொட்டாமல் நிற்கிறது. நீங்கள் இழுக்கும்போது கொஞ்சம் திரவம் பஞ்சுக்குள் வரும், அதற்கு ஈடாக ஒரு குமிழி மேலே போகும். இழுத்ததும் கண்ணாடியில் குமிழி ஏறுவது தெரிந்தால் எல்லாம் சரி. வால் துளையை முழுதாக மூடவில்லை என்றால் காற்று கேட்பாரில்லாமல் உள்ளே போகும், வெற்றிடம் உடையும், திரவம் காற்றுத் துளை வழியாக இறங்கும். ஆகவே வாலின் பருமனைக் குறைக்கலாம், பரப்பைக் குறைக்கக் கூடாது. திரவம் ஊற்றும்போது கீழ்க் காற்றுத் துளையை மூடிவிட்டு ஊற்றுங்கள், மூடியைத் திருகியதும் டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துளையைத் திறங்கள், மூடி திருகும்போது உள்ளே ஏறிய அழுத்தம் வெளியேறிவிடும். வெயிலில் வைத்த காரிலும் விமானத்திலும் நல்ல டேங்கே ஒழுகும். உள்ளிருக்கும் காற்று விரிவதால் வருவது அது, உங்கள் பஞ்சு காரணமல்ல.

திரவத்தின் கெட்டித்தன்மையையும் பாருங்கள். கிளிசரின் புரொப்பிலீன் கிளைக்காலைவிட இருபது மடங்குக்கு மேல் கெட்டியானது. 80 சதவீதம் கிளிசரின் உள்ள திரவத்துக்கு வால் இன்னும் மெல்லிசாக வேண்டும், பாதிக்குப் பாதி கலந்ததற்கு அதே வால் ஒழுகும். ஒரே பஞ்சு அளவு எல்லாத் திரவத்துக்கும் ஒத்துவராது.

பராமரிப்பைப் பொறுத்தவரை, பஞ்சை நாள் கணக்கில் மாற்றாதீர்கள், நாக்கு சொல்வதைக் கேளுங்கள். இனிப்பில்லாத, நிறமில்லாத திரவம் என்றால் ஒரு வாரம் ஓடும். சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு போட்ட பலகாரச் சுவைத் திரவங்கள் இரண்டு மூன்று நாளில் காயிலின் மேல் கறுப்புப் பிசினாகப் படிந்துவிடும். பஞ்சை மாற்றும்போதெல்லாம் காயிலையும் சுத்தம் செய்துவிடுங்கள். பழைய பஞ்சை முழுதாக உருவிய பிறகு, அது முக்கியம், உள்ளே பஞ்சு இருக்கும்போது சிவக்க வைத்தால் தீப்பிடிக்கும். 15 வாட்டுக்குள் இரண்டு இரண்டு நொடியாக அழுத்துங்கள். பிசின் புகைந்து சாம்பலாகும். ஆறவிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்து, டெக்கை மாடிலிருந்து கழற்றி ஓடும் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பளிச்சென்று மஞ்சளாக எரியும் வரை நெருப்பு காட்டாதீர்கள், செக்கச்செவேல் என்றிருக்கும்போது தண்ணீரில் காட்டவும் வேண்டாம். கம்பியின் ஆக்சைடு படலம் விரிசல் விடும், பாசிட்டிவ் போஸ்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையமும் சூட்டில் இளகும். அந்த வளையம் போனால் ஷார்ட்தான்.

அப்படிச் சுத்தம் செய்தும் ஒரே காயிலை மாதக்கணக்கில் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புட்டியில் இருந்த திரவத்தைவிட, சூடான காயிலைத் தொட்டு வந்த ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல் முதலியவை அதிகமாக இருந்தன. கம்பி என்பது 70, 80 மி.மீ. சமாச்சாரம், விலை ஒரு பொருட்டே அல்ல. குறித்து வைத்த ஓம் எண் 0.05க்கு மேல் நகர்ந்திருந்தால், கம்பியில் குழி விழுந்திருந்தால், வருடியும் ஹாட் ஸ்பாட் அடங்கவில்லை என்றால், புதிது சுற்றிவிடுங்கள். புகைபிடிக்காத நண்பர் யாராவது இதைப் பார்த்து ஆசைப்பட்டால் கையில் கொடுக்காதீர்கள். நிகோட்டின் திரவப் புட்டி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், விரலில் சிந்தினால் உடனே கழுவுங்கள்.

கடைசியாகக் கிளாப்டன். தடித்த கம்பி ஒன்றின் மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியதுதான் அது. அந்தச் சுருள்களின் இடுக்கில் திரவம் தங்குவதால் ருசி தூக்கலாக இருக்கும் என்பது உண்மை. பதிலுக்கு உலோகத்தின் எடை கூடுகிறது. பட்டனை அழுத்தி ஒரு நொடி காத்திருக்க வேண்டும், வாட்டும் கூடுதலாக வேண்டும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதே இடுக்குகளில் பிசினும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரே இழுப்பில் கூடுதல் திரவம் கேட்கும். இப்போது உங்கள் பஞ்சு 25 வாட் காயிலுக்கே திரவம் கொண்டுவர முடியாமல் திணறுகிறது. கையிலிருக்கும் 0.84 ஓம் காயிலை அப்படியே வைத்துக்கொண்டு, வாலை மட்டும் சீவி மறுபடி போட்டுப் பாருங்கள். 25 வாட்டில் பத்து இழுப்புத் தொடர்ந்து இழுத்தும் ருசி மாறவில்லை என்றால் கிளாப்டன் வாங்குங்கள். அப்போதும் கருகினால் பஞ்சு போட்டபின் டெக்கை மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.